சாம்பல் நிற அட்டை

அந்த நிறத்தை அவள் முதலில் பார்த்தது கணவனின் கட்டைவிரல் நகத்தில்.

கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்த மறுநாள் காலை. ஜன்னலோர நாற்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். சொட்டு மருந்து என்றாலே அவள் இமைகள் இரண்டும் பூட்டிக்கொள்ளும்; இத்தனை வயதாகியும் அந்தப் பயம் போகவில்லை. அதனால் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் மேலிமையைத் தூக்கிப் பிடித்துத்தான் மருந்து விட வேண்டும். விரல் கண்ணை நோக்கி இறங்கியது. நகம் சதையோடு சேரும் இடத்தில், அந்தப் பிறை ஓரத்தில், ஏதோ அப்பியிருந்தது.

பச்சையா என்றால் இல்லை. மஞ்சளும் இல்லை. நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு வருமே, அதற்கும் மூடி வைத்து மறந்துபோன பாலின் ஆடைக்கும் நடுவில் ஒரு நிறம். அதைவிட மோசம், அது ஈரமாக இருந்தது. நிறம் எப்படி ஈரமாக இருக்கும்? ஆனால் இருந்தது.

"கையைக் கழுவலையா நீங்க?"

"சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தாம்மா வந்தேன். ஏன்?"

"நகத்துல என்னமோ இருக்கு."

அவன் விரலை மூக்குக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். "வார்னிஷ் கறை. கல்யாணம் ஆன நாள்லேருந்து இருக்கு. புதுக் கண்ணு வந்ததும் புருஷன்கிட்ட குறை தெரிய ஆரம்பிச்சிடுச்சாக்கும்."

அவளும் சிரித்துவைத்தாள். சர்க்கரை நோய் கண்ணுக்குள் புகுந்து, விழித்திரையில் ரத்தம் கசிந்து, லேசர் வைக்காவிட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு குறைவு. டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கொஞ்ச நாளைக்கு நிறமெல்லாம் ஒரு மாதிரி தெரியும். தானா சரியாயிடும். சொட்டு மருந்தை மட்டும் விட்டுடாதீங்க." அதுதான் இது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கண்ணுக்கு மருந்து விட்டு முடிக்கும்வரை அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு இன்னும் ஜாஸ்தியா ஆடுது!" என்று மகள் ஓடிவந்தாள். இரண்டாம் வகுப்பு. வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாண்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆடும் முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மருந்தில் கண் கலங்கியிருந்த அம்மாவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிந்தது.

"இது விழுந்ததும் புதுசு ஒண்ணு முளைக்கும் பாரு, அதான் பல்லு. அதை முதல்ல நான்தான் பார்ப்பேன். அப்பாவுக்குக்கூடக் காட்டக் கூடாது," என்றாள் அம்மா.

"சத்தியமா?"

"சத்தியமா."

பற்களைச் செய்வதுதான் அவள் பிழைப்பு. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, உலையில் சுட்டு எடுப்பாள். எந்த வாய்க்கு எந்த வெள்ளை என்று சொல்வதில் அவளுக்கு நிகர் அவள் வேலை பார்க்கும் லேபில் கிடையாது. பல்லின் நிறத்தை அங்கே ஷேடு என்பார்கள்; அதனாலேயே எல்லாருக்கும் அவள் ஷேடக்கா. வயதான பல்லை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். புதிதாக முளைத்த குழந்தைப் பல்லின் வெள்ளையைத்தான், விளிம்பில் மூன்று சின்ன மொட்டுகளும் அவற்றுக்குள் நீலம் கலந்த கண்ணாடித்தனமும் கொண்ட அந்த வெள்ளையைத்தான், இத்தனை வருடத்தில் அவளால் ஒருமுறைகூடப் பிடிக்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு டீச்சர் வந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் பாதியாக உடைந்திருந்தது. நிறம் பார்க்க, வெயில் நேராக விழாத ஜன்னலருகே உட்காரவைத்து, உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வியை வாயில் மாட்டிவிட்டாள் ஷேடக்கா. கையில் மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த அட்டை. இந்த வேலையில் ஒரு விதி உண்டு. பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். ஒரே பார்வை, உடனே சுவரில் மாட்டியிருக்கும் சாம்பல் நிற அட்டைக்குக் கண்ணைத் திருப்பிவிட வேண்டும். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் களைத்து, இல்லாத நிறத்தையெல்லாம் காட்டும்.

அன்றைக்கு அவள் விதியை மீறினாள். அவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கையில்லை. முதல் பார்வையில் நல்ல பல்லாகத்தான் தெரிந்தது, ஆனால் முதல் பார்வையை நம்பலாமா? மறுபடி பார்த்தாள். அட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சரின் எச்சில் கவ்வியின் ஓரமாக நூலாக இறங்கித் தாடையில் சொட்ட, உலையின் விசிறி ரீங்கரிக்க, எங்கோ பிளாஸ்டர் கரைக்கும் வாடை வர, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லில், ஈறு தொடும் கோட்டில், அது கசிந்தது. அதே நிறம். அதே ஈரம். ச்சீ என்று வாய்வரை வந்துவிட்டது. தன்னையறியாமல் பின்னால் நகர்ந்தாள்.

"ஏங்க, ஏதாவது பிரச்சினையா?" என்று கவ்வியோடு குழறினாள் டீச்சர்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாளே ஒழிய, கை பொய் சொல்லவில்லை. மதியம் முழுவதும் பொடியோடு பொடி சேர்த்து, கண் பார்த்ததை அப்படியே கொண்டுவந்தாள். தொழிலில் அவள் இவ்வளவு துல்லியமாக எதையும் செய்ததில்லை. உலையிலிருந்து எடுத்து ஆறவைத்தபோது ஒரு பெருமைகூட வந்தது. முதலாளி வந்து அதை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது கருமம்? சாக்கடையிலேருந்து பொறுக்கினாப்ல இருக்கு!"

பக்கத்து மேசையில் பற்களுக்கு மெருகு போடும் பாலிஷ்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். "அக்கா, எடுத்து உள்ள வைங்க. இப்பத்தான் டீ குடிச்சேன்."

வெட்கமாக இருந்தது. ஷேடக்காவே நிறத்தைத் தப்பவிட்டாள் என்றால் ஊர் சிரிக்காதா? அந்தப் பல்லைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு, முதல் பார்வைக்குப் பொருந்திய மாதிரியின் எண்ணை அட்டையில் பார்த்து வேறொன்று செய்தாள். பல் டாக்டர் மாட்டிவிட, அது கச்சிதமாகப் பொருந்தியது. டீச்சர் லேபுக்கே வந்து, கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே கண் டாக்டரிடம் மறுபரிசோதனை. நல்ல மனுஷன், கலகலப்பானவர். அவள் தாடையைக் கருவியின் மேல் வைக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து, விளக்கைக் கண்ணுக்குள் பாய்ச்சினார். அந்தப் பக்கமிருந்து அவர் மூச்சுக்காற்று, புதினா மிட்டாய் வாசனையோடு முகத்தில் பட்டது.

"கண்ணை அசைக்காதீங்க. என் வலது காதைப் பாருங்க. காதை மட்டும்."

பார்த்தாள். விளக்கின் ஓரத்தில் அந்தக் காது மடல் பளிச்சென்று தெரிந்தது. கொழுகொழுவென்று, ரோஜா நிறத்தில், மெல்லிய பூனைமுடியோடு. ஒரு குறையும் இல்லை. பிறகு மடலின் அடியில் ஒரு புள்ளி வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. தண்ணீரில் நனைந்த காகிதம்போல அந்த இடம் கனத்து, தளர்ந்து, நிறம் மாறியது. அவள் இமைத்தாள்.

"அசைக்காதீங்க, அசைக்காதீங்க. காதைப் பாருங்க."

மறுபடி பார்த்தாள். டாக்டர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்?

"அருமையா ஆறியிருக்கு," என்றார் விளக்கை அணைத்து. "நிறம் எதாவது வித்தியாசமாத் தெரியுதா?"

"ஒரு நிறம்... சொல்லத் தெரியலை டாக்டர். அழுகினாப்ல."

"போகப்போகப் போயிடும்," என்று சொல்லிக்கொண்டே அவர் காது மடலைச் சொறிந்தார். சொறிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் லேபுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு முன்னால் வாடை வந்தது. பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தாள். பல் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லையாம், பல்லைச் செய்த இடத்தில் காட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். ஜன்னலருகே உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தாள். பாலிஷ்காரி எழுந்து வெளியே ஓடிவிட்டாள். குழாயடியில் அவள் வாந்தியெடுக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

இந்தமுறை எல்லாருக்கும் தெரிந்தது. புதுப் பீங்கான் பல் மட்டும் தனியாக வெள்ளை வெளேரென்று நிற்க, அதன் இருபுறமும் பற்கள், ஈறு, உதட்டின் உட்புறம் எல்லாம் அந்த நிறம். ஷேடக்கா மட்டும் பார்த்து வந்த நிறம் இப்போது நாலு பேர் பார்க்க நாறிக்கொண்டிருந்தது. முதலாளி எதையோ நினைத்துக்கொண்டவர்போலக் கழிவு டப்பாவைக் கிளறி, அன்று திட்டித் தூக்கியெறிந்த பல்லைத் தேடியெடுத்துக்கொண்டு வந்தார். டீச்சரின் வாய்க்கருகே பிடித்தார். இம்மி பிசகில்லை. அந்த வாய்க்கென்றே செய்தது.

"உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?" முதலாளியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த அட்டையின் மாதிரிப் பல் ஒன்றின் நுனியால் அந்தப் பக்கத்துப் பல்லை லேசாகத் தொட்டாள். பல் மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரத்தம் இல்லை. கஞ்சி நூல்போல ஒன்று நீண்டு, நீண்டு, அறுந்து டீச்சரின் மடியில் விழுந்தது.

"வலிக்கவே இல்லையே," என்றாள் டீச்சர். அவள் அழுதுகொண்டிருந்தாள். "அதுதாங்க பயமா இருக்கு. வலிக்கவே மாட்டேங்குது."

வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வரப்போவது தன் கண்ணுக்கு முன்கூட்டித் தெரிகிறது, அவ்வளவுதான், என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். அப்படியென்றால் ஊருக்கு நல்லதுதானே, முன்னாலேயே சொல்லி வைத்தியம் பார்க்கலாமே. துண்டை எடுத்து முகம் துடைத்தபோது கன்னத்தில் வழவழவென்று எதுவோ ஒட்டியது. உரித்துப் பார்த்தாள். நகம். முழுக் கட்டைவிரல் நகம், ஊறிய சோப்புச் சில்லுபோல.

"அட, அங்கதான் விழுந்துச்சா?" என்று கணவன் வந்து நின்றான். விரலில் துணி சுற்றியிருந்தான். "மத்தியானம் வீட்டுக்கு வந்ததுலேருந்து தேடுறேன். மோட்டாரைக் கழட்டும்போது எங்கயோ நசுங்கியிருக்கும் போல."

"வலிக்கலையா?"

"துளிகூட இல்ல. அதான் வேடிக்கை."

அவள் கண் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்றாள் போனை எடுத்த பெண். எப்போது வருவார் என்று இவள் கேட்டாள். "தெரியலைங்க. காதுல ஏதோ இன்ஃபெக்‌ஷன். பரவிடும்னு ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க."

"எந்தக் காது?"

"வலதுங்க. ஏன் கேக்குறீங்க?"

போனை வைத்துவிட்டாள். நகம். பல். காது. மூன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். எல்லாரும்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இவள் உற்றுப் பார்த்தாள்.

இல்லை. அப்படியெல்லாம் இருக்காது. பைத்தியக்காரத்தனம். ஆனால் நெஞ்சுக்குள் புகுந்துவிட்ட சந்தேகம் சும்மா இருக்குமா? மறுநாள் கணவன் பட்டறைக்கும் வாண்டு பள்ளிக்கும் போனபிறகு இரண்டு முட்டைகளை வேகவைத்து உரித்தாள். ஒரே தண்ணீர், ஒரே பாத்திரம். ஒன்றை டம்ளரால் கவிழ்த்து மூடினாள். இன்னொன்றைத் தட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முகத்தைக் கையில் தாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள். வெள்ளை. வழுவழுப்பு. ஆவி. தெருவில் எவனோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான். வெள்ளை. இன்னும் வெள்ளை. அப்பாடா என்று மூச்சுவிடப் போனாள்.

தட்டைத் தொடும் அடி ஓரத்தில் வந்தது. சின்ன வளையம். ஏறியது. அவள் கண்ணை எடுத்தாள், நின்றது. பார்த்தாள், ஏறியது.

சாயங்காலத்துக்குள் அந்த முட்டை தன்பாட்டில் தட்டில் படுத்துவிட்டது. தோல் மட்டும் பைபோலத் தொங்க, உள்ளிருந்து அந்த நிறம் ஒழுகி மேசை விளிம்புவரை வந்திருந்தது. வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைத் தூக்கினாள். உள்ளே இருந்த முட்டை காலையில் இருந்தபடியே இருந்தது, சாப்பிடலாம்போல.

அவள் தரையில் உட்கார்ந்தாள். லேசர் வைத்த நாளிலிருந்து யார் யாரைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "அம்மா! விழுந்துடுச்சு! பல்லு விழுந்துடுச்சு!" வாண்டு ஓடிவந்து கையை நீட்டினாள். "பாரும்மா, ரத்தம்கூட வந்துச்சு. பாரு!"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அங்க வை. அப்புறம் பாக்குறேன்."

"இப்பப் பாரும்மா."

"வைன்னு சொல்றேன்ல!"

பல்லைத் தரையில் வைக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் வந்தது நல்லது, ரத்தம் வந்தால் வலித்திருக்கும், வலித்தால் நல்ல பல், என்று அதையே பிடித்துக்கொண்டாள்.

அதற்குப்பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. லேபின் சாம்பல் நிற அட்டையைக் கேட்டு வாங்கி வந்து வீட்டுச் சுவரில் ஆணியடித்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். மகளைப் பார்க்க நேர்ந்தால் ஒரே பார்வை, உடனே அட்டை. பின்னல் போடும்போது அட்டை. சாப்பாடு போடும்போது அட்டை. அதை எத்தனை நேரம் பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு சம்பந்தமே இல்லாததை அந்த நிறம் தொடாது போல. இருட்டினபிறகுதான் நிம்மதி. விளக்கை அணைத்துவிட்டால் நிறமே இல்லையே. அப்போது வாண்டுவை இழுத்து அணைத்து, முகம், காது, கழுத்து என்று கைகளாலேயே பார்த்துத் தீர்த்துக்கொள்வாள். ஒருநாள் அப்படித் தடவியபோது குழந்தையின் ஈறில் விரல் நெருடியது. சொரசொரப்பாக ஒரு விளிம்பு. மொட்டு, மொட்டு, மொட்டு.

"முளைக்குதும்மா," என்றாள் வாண்டு இருட்டுக்குள். "நான் அப்பாவுக்குக்கூடக் காட்டலை. நீ எப்பப் பார்ப்ப?"

"பாக்குறேன்டி தங்கம்."

"நீ இப்பல்லாம் என்னைப் பாக்குறதே இல்ல. என் மூஞ்சி பிடிக்கலையா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சை அறுத்தது. காலையில் ஒரு துணியைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். சொட்டு மருந்தையும் நிறுத்தினாள். அதை விட்டுடாதீங்க என்று டாக்டர் சொன்னது பார்வைக்காகத்தானே? போகட்டும். இந்தக் கண் போய்த் தொலையட்டும். குருடியாக இருந்து பிள்ளையை வளர்க்க முடியாதா என்ன?

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நகம், டீச்சர், காது, முட்டை. அவன் அவள் தலையைத் தடவினான். தடவிய கையில் துணிச் சுற்றலின் வாடை வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"உனக்குத் தூக்கம் பத்தலைம்மா."

"நான் பைத்தியம் இல்லைங்க."

"யாரு சொன்னா? ஆனா மருந்து விடாமக் கண்ணைக் கட்டிட்டே இருந்தா உள்ள மறுபடி கசியுமாம். ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். அப்புறம் எந்த லேசரும் உதவாதாம்." அவன் குரல் உடைந்தது. "உனக்குக் கண்ணு போயிட்டா நான் என்னத்தைப் பண்ணுவேன், சொல்லு."

அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, கேட்டாள். அதில்தான் மனசு இளகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோர நாற்காலி.

"ஒரே ஒரு சொட்டு. கூரையைப் பாரு. இங்க யாருமே இல்ல."

"வாண்டு?"

"பக்கத்து வீட்டுல விளையாடுது."

"கதவைச் சாத்தினீங்களா?"

"சாத்திட்டேம்மா."

அவன் கட்டை அவிழ்த்தான். இத்தனை நாள் இருட்டில் கிடந்த கண்ணில் வெளிச்சம் ஊசியாக இறங்கியது. அண்ணாந்தாள். வெள்ளைக் கூரை, ஒரு விரிசல், விசிறி. கட்டைவிரல் இறங்கி வந்தது. துணி சுற்றாத விரல்; மருந்து விட இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றியிருப்பான். இமை உயர்ந்தது. சில்லென்று சொட்டு விழுந்து கூரை கலங்கியது. அடுத்த கண். சொட்டு.

"மூடாத. மருந்து வழிஞ்சிடும். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேன்."

புட்டியைக் கீழே வைக்கும் சத்தம். இன்னொரு கையும் வந்தது. இரண்டு கட்டைவிரல்கள், இரண்டு இமைகள். தலைக்குப் பின்னால் அவன் வயிறு குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறான்.

மடியில் ஒரு பாரம் ஏறியது.

சின்ன முழங்கால்கள். குழந்தைச் சோப்பின் வாசனை. இரண்டு சின்னக் கைகள் அவள் கன்னங்களைப் பிடித்தன.

"வேண்டாம்! இறக்குங்க! இறக்குங்க அவளை!"

"ஒரு தரம் பாரும்மா," என்றான் கணவன் கனிவாக. "உன் பொண்ணை ஒரே ஒரு தரம் நல்லாப் பாரு. எல்லாம் சரியாயிடும். பாவம், எத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கு."

தலையை அசைக்க முடியவில்லை. அவன் வயிறு பின்னால், குழந்தையின் கைகள் முன்னால். இமை இறங்கவில்லை. கண்ணை மட்டும் உருட்டலாம். உருட்டினாள். மேலே. அங்கே கட்டைவிரல். நகம் இருந்த இடம். குழி. குழிக்குள் அந்த நிறம், பளபளவென்று, மூச்சு விடுவதுபோல மெல்ல எழும்பித் தாழ்ந்துகொண்டு. உள்ளே வெள்ளையாக எலும்பு. அதிலிருந்து ஒரு துளி திரண்டது. அவள் கண்ணுக்கு நேர் மேலே. சகிக்க முடியவில்லை. அருவருப்பு தாங்காமல் கண் தப்பித்து ஓடியது. கீழே.

சுத்தமான இடத்துக்கு.

வாண்டு வாயைத் திறந்து வைத்திருந்தாள். இளஞ்சிவப்பு ஈறு. நடுவில் ஒரு பல். பாதி முளைத்தது. மூன்று மொட்டுகள், உள்ளே நீலம், விளிம்பில் வெளிச்சமே நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருடமாக எத்தனை பொடியைக் குழைத்தும் அவள் கைக்கு வராத வெள்ளை. எந்த மாதிரி அட்டையிலும் இல்லாத வெள்ளை. அவள் வயிற்றில் பிறந்த வெள்ளை.

ஒரே பார்வை. திருப்பிவிடு.

அட்டை எங்கே? சுவரில். குழந்தையின் தலைக்குப் பின்னால். மறைந்திருந்தது.

திருப்பு.

எவ்வளவு அழகாக இருந்தது!

"எப்படிம்மா இருக்கு?"

கண்ணீர் மருந்தோடு கலந்து காதுகளுக்குள் இறங்கியது. கலங்கல் வடிந்தது. இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஈறும் பல்லும் சேரும் கோட்டில், ஊசி முனையளவு. ஈரமாக.

"பாத்தியா, அம்மா அழுவுறா சந்தோஷத்துல," என்றான் கணவன்.

கோடு நிறைந்தது. முதல் மொட்டுக்கு ஏறியது. அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை.

"சரியாத் தெரியலையாம்மா?" வாண்டு அவள் முகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள். வெயிலில் நாக்கும் உள்நாக்கும் தொண்டையும் எல்லாம் தெரிந்தன. "இரு, இன்னும் கிட்ட வரேன்."

கிட்ட வந்தாள்.